ஒளி என்று பெயர் வைத்தோம்

பெயரிலே என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. பெயரிலே எல்லாம் இருக்கிறது என்று நம்பி வளர்ந்த கூட்டம் நம் கூட்டம். நான்காம் வருணத்தானுக்கு இழிவு தோன்றும் பெயரே இடவேண்டும் என்று மனு எழுதி வைத்த நாட்டிலே, மண்ணாங்கட்டியும் அமாவாசையும் அறிவழகனாகவும் இளஞ்செழியனாகவும் மாறியது சிறு செய்தியன்று. பெண் பிறந்தால் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயரிட்டு, பிறந்த அன்றே வாழ்வை வெறுக்கவைத்த ஊர்கள் இன்றும் தமிழகத்திலே உண்டு. அந்த இழிவைத் துடைக்கப் பெயரையும் ஒரு படைக்கலனாக ஏந்தியவர்கள் நாம். ஆகவே, வேளச்சேரியிலே நண்பர் ஒருவர் தம் பேத்திக்குப் பெயரிட நம்மை அழைத்தபோது மகிழ்ச்சியோடு சென்றோம். திரும்பியபோது அந்த மகிழ்ச்சி நம்மிடம் இல்லை. அதைவிடப் பயனுள்ள ஒன்று இருந்தது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நண்பர் பழைய தோழர். மாநாட்டுப் பந்தலிலே நம்மோடு ஒரே பாயில் படுத்துறங்கியவர். அவர் வீட்டிலே புரோகிதர் இல்லை, ஓமப்புகை இல்லை. ஆனால் வழக்கு இருந்தது. மருமகன் வீட்டு அத்தையார், சோதிடர் குறித்துக் கொடுத்த முதலெழுத்தை ஒரு துண்டுத்தாளில் மடித்து இடுப்பிலே செருகி வந்திருந்தார். நண்பரோ தனித்தமிழ்ப் பெயர்தான் என்று உறுதியாக நின்றார். குழந்தையின் தாய், நண்பரின் இளைய மகள், இரண்டையும் மறுத்து மூன்றாவதாக ஒன்றைச் சொன்னாள்: "சுவெத்லானா."

ஏனம்மா அந்தப் பெயர் என்றோம். 2005ஆம் ஆண்டு அவள் பள்ளிச் சிறுமி. துபாயிலே சானியா மிர்சா, முந்தின ஆண்டின் அமெரிக்க ஓப்பன் வெற்றியாளரான சுவெத்லானா குஸ்னெத்சோவாவை 6-4, 6-2 என்ற கணக்கிலே வீழ்த்தியதைத் தொலைக்காட்சியில் கண்டவள். நாடே வென்றவளைக் கொண்டாடியது. இவளுக்கோ தோற்றவளின் பெயர் நெஞ்சிலே நின்றுவிட்டது. "தோற்றபிறகும் வலைக்கருகே வந்து கை கொடுத்தாளே மாமா, அதை மறக்க முடியவில்லை" என்றாள்.

தீர்ப்பை நம் தலையிலே சுமத்தினார்கள். பேசச் சொன்னால் பேசாதிருக்கும் பழக்கம் நமக்கேது? பேசினோம்.

அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு என்றோம். 'சுவெத்' என்றால் உருசிய மொழியில் ஒளி. பழம்பெயர் அன்று, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கவிஞர்கள் ஆக்கியது. 1813ஆம் ஆண்டு சுக்கோவ்ஸ்கி என்னும் கவிஞர் வெளியிட்ட கதைப்பாடல் அதை நாடறியச் செய்தது. ஆனால் திருச்சபையின் புனிதர் பட்டியலிலே அந்தப் பெயர் இல்லை. பட்டியலில் இல்லாத பெயருக்குப் பாதிரியார் திருமுழுக்குத் தரமாட்டார். ஆகவே பெற்றோர் விரும்பினாலும், ஒளி என்றே பொருள்படும் ஃபோத்தினா என்ற கிரேக்கப் பெயரைத்தான் ஏட்டிலே எழுதினர். பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்கவும் பெற்றோருக்கு உரிமை இல்லை! 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னரே அந்தப் பூட்டு உடைந்தது. உழவன் மகளும் சுவெத்லானா, ஆலைத்தொழிலாளி மகளும் சுவெத்லானா, 1926இல் பிறந்த ஸ்டாலினின் மகளும் சுவெத்லானா.

இங்கே மட்டும் என்ன? பெரியார் 1932ஆம் ஆண்டு சோவியத்து நாட்டைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியபின், 'ரஷ்யா' என்றும் 'மாஸ்கோ' என்றும் நம் குழந்தைகளுக்குப் பெயர் வைக்கப்பட்டது. 1953ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் பிறந்த கலைஞரின் மகனுக்கு ஸ்டாலின் என்று பெயர். பாதிரியின் பட்டியலை அவர்கள் கிழித்தார்கள். பஞ்சாங்கத்தின் எழுத்தை நாம் கிழித்தோம். இரண்டும் ஒரே வேலை என்றோம். அத்தையார் துண்டுத்தாளை இன்னும் சற்று ஆழமாகச் செருகிக் கொண்டார்.

இன்னொரு செய்தியும் சொன்னோம். சுக்கோவ்ஸ்கியின் பாட்டிலே வரும் சுவெத்லானா, வருங்காலக் கணவனைக் காண நள்ளிரவிலே கண்ணாடி முன் அமர்ந்து குறி பார்க்கும் பேதைப்பெண். அவள் பெயரைத் தாங்கிய பிற்காலப் பெண்களோ கண்ணாடியிடம் வாழ்வைக் கேட்கவில்லை; காலிடம் கேட்டார்கள், கையிடம் கேட்டார்கள்.

சுவெத்லானா மாஸ்டெர்கோவா 1995இல் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். மறு ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கிலே 800 மீட்டர், 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அதே ஆகஸ்டுத் திங்களிலே சூரிச் நகரில் ஒரு மைலை 4 நிமிடம் 12.56 நொடியில் ஓடினார். அந்தச் சாதனை 2019ஆம் ஆண்டு வரை, 23 ஆண்டுகள், யாராலும் முறியடிக்கப்படவில்லை. பிள்ளை பெற்றவள் உடல் போயிற்று, ஓட்டம் போயிற்று என்று ஒப்பாரி வைப்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும். 800 மீட்டர் ஓட்டமே பெண்ணுடலுக்கு ஆகாது என்று 1928ஆம் ஆண்டுக்குப்பின் ஒலிம்பிக்கிலிருந்து அதை நீக்கி, 1960 வரை 32 ஆண்டுகள் தடுத்து வைத்திருந்தது உலகம். அறிவியல் சொன்னதா? இல்லை. ஆண்களின் அச்சம் சொன்னது.

சுவெத்லானா கோர்கினா உயரமான பெண்; அந்த உயரம் சீருடற்பயிற்சிக்கு ஒவ்வாது என்றார்கள். அவர் 1997, 2001, 2003 என மும்முறை உலகின் முழுமைச் சாம்பியனானார். அவரைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியை விரிவாகவே சொன்னோம். 2000ஆம் ஆண்டு, சிட்னி ஒலிம்பிக். தாவுமேடையை நோக்கி ஓடி வந்து கைவைத்துப் பாய்ந்தவர், தரையிலே முழங்காலிட்டு விழுந்தார். அவரைப் போலவே மற்றப் பெண்களும் தடுமாறினர். கூட்டம் 'ஐயோ' என்றது. பெண்கள் அஞ்சிவிட்டனர் என்றது. பின்னர் ஆத்திரேலிய வீராங்கனை ஒருவர் ஐயுற்றுக் கேட்டபோதுதான் அளந்து பார்த்தார்கள். மேடை இருக்கவேண்டிய உயரத்திற்கு 5 சென்டிமீட்டர் தாழ்வாக இருந்தது! மீண்டும் தாவலாம் என்றார்கள். ஆனால் கோர்கினா அதற்குள் அடுத்த கருவியிலும் விழுந்து, வெற்றியை இழந்திருந்தார். சில நாள் கழித்துச் சமனிலாக் கம்பியிலே தங்கம் வென்றார் என்பது வேறு. பழுது பெண்ணிடம் இல்லை, கருவியிலே இருந்தது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம் என்று முழங்கி முடித்தோம்.

கைதட்டல் கிடைத்தது. நண்பர் முகத்திலே பெருமிதம். அப்போதுதான், கதவோரம் சாய்ந்து நின்ற மூத்த பேத்தி வாய் திறந்தாள். பதின்மூன்று வயது. அவளுக்கும் நாம்தான் பெயரிட்டோம். ஒளி என்று பொருள்படும் அழகான தமிழ்ப் பெயர்.

"தாத்தா, அந்த சுவெத்லானாக்களையெல்லாம் ஓடவிட்டார்கள், தாவவிட்டார்கள். என்னை மட்டும் ஏன் நீந்தவிடவில்லை?"

தோழர்களே, எத்தனையோ மேடையிலே எத்தனையோ கேள்விக்கு விடை சொன்ன நமக்கு அன்று நா எழவில்லை. ஏனெனில் விடை நமக்குத் தெரியும்.

வேளச்சேரியிலே ஒரு நீச்சல் வளாகம் உண்டு. 1995ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. நண்பர் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவு. அந்தப் பெண் ஏழு வயதிலே அங்கு நீந்தத் தொடங்கினாள். விடியுமுன் எழுந்து, ஈரத்தலையோடு பள்ளிக்குப் போவாள். பதினொன்றிலே பருவமடைந்தாள். அந்த வாரமே நீச்சல் நின்றது. சடங்கு செய்தார்களா? இல்லை, நண்பர் பகுத்தறிவாளர் ஆயிற்றே! பந்தல் இல்லை, மஞ்சள் நீர் இல்லை. ஆனால் அவளுடைய நீச்சலுடை பெட்டிக்குள் போயிற்று. 'ஊர் என்ன சொல்லும்' என்றார் பாட்டி. 'தோல் கறுத்துவிடும், நாளை மாப்பிள்ளை கேட்பான்' என்றாள் ஒருத்தி. 'படிப்பு இருக்கிறதே' என்றார் நண்பர். அன்று அந்த வீட்டிலே உணவருந்திக்கொண்டிருந்த நாம், இலையிலிருந்து தலை நிமிராமலே, 'ஆம், படிப்புத்தான் முக்கியம்' என்றோம்.

சடங்கை விலக்கினோம், சடங்கின் பொருளை வைத்துக்கொண்டோம். மஞ்சள் நீரை ஊற்றவில்லை. குளத்து நீரைப் பறித்துக்கொண்டோம். ஒளி என்று பெயர் வைத்தோம். விளக்கை மரக்காலால் மூடினோம்.

வீடு திரும்பும் வழியிலே, சற்று முன் முழங்கியபோது நாம் சொல்லாமல் விட்டவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஸ்டாலினின் மகள் சுவெத்லானா, பிரஜேஷ் சிங் என்னும் இந்தியரைக் காதலித்தார். மணந்துகொள்ள மாஸ்கோ ஆட்சியாளர் இசையவில்லை. அவர் இறந்தபின் அவருடைய சாம்பலைச் சுமந்துகொண்டுதான் 1966ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தார். மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் தில்லியிலே அமெரிக்கத் தூதரகத்தின் படியேறினார். பெயரைத் தந்த புரட்சி, பெயருடையாளுக்கு மணவுரிமையைத் தரவில்லை.

சுவெத்லானா சவீத்ஸ்கயா 1970ஆம் ஆண்டு வானூர்திச் சாகசத்திலே உலகச் சாம்பியன். 1982இல் விண்வெளி சென்ற இரண்டாம் பெண். 1984இல் விண்ணூர்தியை விட்டு வெளியே வந்து விண்ணிலே பணியாற்றிய முதற்பெண். 1982இல் அவர் சல்யூத் நிலையத்துள் நுழைந்தபோது, அங்கிருந்த ஆண்கள் அவருக்குப் பரிசாக நீட்டியது என்ன தெரியுமா? சமையலறையில் கட்டிக்கொள்ளும் மேலாடை! வேடிக்கையாம். மண்ணைவிட்டு மேலே போனபின்னும் அடுப்பங்கரை தொடர்ந்து வந்த வேடிக்கை. அவர் அதற்குச் செவிசாய்க்காமல் தம் பணியைச் செய்தார்.

பதக்கம் பெற்றோரெல்லாம் தூயோர் என்றும் நாம் சொல்லவில்லை. 2012ஆம் ஆண்டு இலண்டனிலே பளுதூக்கித் தங்கம் வென்ற சுவெத்லானா போதோபெதோவாவிடமிருந்து, மறுசோதனையில் ஊக்கமருந்து தெரிந்து, 2016இல் பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெயரைக் கும்பிடுவதற்கும் ஒரு சிலையைக் கும்பிடுவதற்கும் வேறுபாடு இல்லை. பெயர் ஒரு வாக்குறுதி. வைத்தவர்கள் காப்பாற்றினால்தான் அதற்குப் பொருள்.

நம் மண்ணிலேயே பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிலே, செங்கற்சூளைத் தொழிலாளர் மகளாகப் பிறந்தவர் சாந்தி. 2006ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டிலே, மாஸ்டெர்கோவா வென்ற அதே 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரால் பதக்கத்தைப் பறித்தார்கள். மருந்து உண்டவரல்லர், வஞ்சித்தவரல்லர். பிறந்த உடலோடு ஓடியவர். உலகமே தூற்றிய அந்த நாளிலே, அன்றைய முதலமைச்சர் கலைஞர் அவருக்கு 15 இலட்சம் ரூபாய் பரிசளித்தார். சாந்தி அதைக்கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கினார். சிட்னியிலே தாழ்ந்திருந்தது தாவுமேடை. தோகாவிலே கோணியிருந்தது பெண்மையை அளந்த கோல். வேளச்சேரியிலே? அங்கே பழுதான கருவி நாம்தாம்.

மறுநாள் காலை மீண்டும் நண்பர் வீட்டுக்குச் சென்றோம். அந்தப் பெண்ணை எதிரே அமர்த்தி, "அம்மா, அன்று நாம் சொன்னது தவறு" என்றோம். முதியவர் ஒருவர் தவறு என்று சொல்லிக் கேட்டறியாதவள் போலும், திகைத்துப் பார்த்தாள். ஆரதி சாகாவைப் பற்றிச் சொன்னோம். 1952ஆம் ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கிலே நீந்தியபோது அந்த வங்கச் சிறுமிக்கு வயது பதினொன்று. இவளைத் தடுத்து நிறுத்திய அதே வயது. ஆரதியை யாரும் நிறுத்தவில்லை. 1959ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதிலே, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்ணானார்.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இரண்டாண்டு வீணாகிவிட்டதே" என்றார். "வீணாக்கினோம் என்று சொல்லுங்கள்" என்றோம். அவர் தலையசைத்தார்.

பாட்டி எழுந்து உள்ளே போனார். சினந்து போகிறார் என்றெண்ணினோம். பெட்டியைத் திறந்து அந்த நீச்சலுடையை எடுத்து வந்து, பேத்தியின் தோள்மேல் வைத்துப் பார்த்தார். "இது பற்றாது. வேறு வாங்கவேண்டும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு ஈடான சொற்பொழிவை நாம் எந்த மேடையிலும் ஆற்றியதில்லை.

இளைஞர்களே! உங்கள் வீட்டிலே முத்தமிழும் மணக்கும் பெயர்கள் இருக்கும். வெண்ணிலா இருப்பாள், கயல்விழி இருப்பாள். வெற்றிச்செல்வி எந்தப் போட்டிக்காவது போயிருக்கிறாளா என்று கேளுங்கள். உங்கள் தங்கை பந்தடிப்பதை எந்த வயதிலே நிறுத்தினாள், நிறுத்தியவர் யார், அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேளுங்கள். மேடையிலே பேசுமுன் இந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டு வாருங்கள். நாம் தீர்க்காமல் பேசி, ஒரு சிறுமியின் முன்னே தலைகுனிந்தோம்.

குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்பீர்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. சுவெத்லானா என்கிறாள் தாய். சுடரொளி என்கிறார் தாத்தா. பொருள் ஒன்றுதான், ஆகவே எது வென்றாலும் நமக்குக் குறையில்லை. ஆனால் பெயரிடும் நாளிலே எல்லோரும் கையெழுத்திட ஓர் ஏடு வைக்கப்படும் என்றும், அதிலே 'இவள் நீந்த விரும்பினால் எந்த வயதிலும் தடுக்கமாட்டோம்' என்று முதல் வரி எழுதப்படும் என்றும் மூத்தவள் அறிவித்திருக்கிறாள். முதற் கையெழுத்து நம்முடையதாம்.