வேலிப் பொட்டும் ஆச்சியின் கடுவனும்

பக்கத்து வீட்டுப் பூனையை உரப்பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டுபோய்த் தூரத்தில் விட்டவர்கள் நாங்கள். இதை முதலே சொல்லிவிடுகிறோம். பிறகு வாசித்துக்கொண்டு போகும்போது எங்களை நல்ல பிள்ளைகள் என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கள் வீடு தண்ணீரூற்றில். ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயில் இருக்கிற ஊர் என்றால் முல்லைத்தீவு ஆக்களுக்கு உடனே விளங்கும். பேரிலேயே தண்ணீர் இருக்கிற ஊர் என்பதால் வளவுக்கு வளவு ஏதாவது ஒரு தோட்டம் இருக்கும். எங்கள் அம்மா காலபோக மழைக்கு முன்னம் மிளகாயும் கத்தரியும் நாற்றுமேடை போட்டு, கட்டுக்கட்டாக விற்பார். எங்களில் மூத்தவர் யாழ்ப்பாணத்தில் கலைப்பீடத்தில் படிக்கிறார். அவருடைய அறை வாடகையில் பாதி அந்த நாற்றுக் காசுதான்.

போன புரட்டாதியில் ஒருநாள் விடியப் பார்த்தால் மேடையின் ஒரு பக்கம் கிண்டிக் கிடந்தது. விரல் நீளம் வந்த மிளகாய்க் கன்றுகள் வேரோடு வெளியில். நடுவில் பூனைப் பீ. அடுத்த நாள் மற்றப் பக்கம். மூன்றாம் நாள் ஒரு கோழிக்குஞ்சையும் காணவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆச்சியின் கடுவன் பூனை வெயிலில் நீட்டிப் படுத்து முகம் கழுவிக்கொண்டிருந்தது.

ஆச்சியிடம் அம்மா சொன்னார். ஆச்சி, "வாயில்லாச் சீவன் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்?" என்றார். அவர் தனிய இருக்கிறவர். அதற்குமேல் அம்மா கதைக்கவில்லை.

ஆனால் ஊர் கதைத்தது. ஒருவர் எலிப்பாசாணத்தை மீனில் தடவி வைக்கச் சொன்னார். இன்னொருவர் சுடுதண்ணி என்றார். பூச்சி உருண்டையைத் தூள் பண்ணித் தூவச் சொன்னவரும் உண்டு. எல்லாரும் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள், ஏதோ கறிக்கு உப்புப் போடச் சொல்கிற மாதிரி. நாங்கள் அதெல்லாம் பாவம் என்று சொல்லிவிட்டு, எங்களுக்குப் பாவமாகத் தெரியாத ஒன்றைச் செய்தோம். எங்களில் சின்னவன் கருவாட்டுத் துண்டு காட்டிப் பூனையைப் பிடித்தான். மற்றவர் யூரியாப் பையை விரித்துப் பிடித்தார். சைக்கிளில் கட்டி இரண்டு கட்டை தள்ளிக் கொண்டுபோய் விட்டோம். கொல்லவில்லைத்தானே என்று திரும்பி வரும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

அன்றிரவு ஆச்சி வேலியோரம் நின்று கூப்பிட்டார். "குட்டன்... குட்டன்... வா ராசா." பத்து மணி மட்டும் கூப்பிட்டார். அடுத்த நாள் இரவும் கூப்பிட்டார். நாங்கள் விளக்கை நூர்த்துவிட்டுப் படுத்திருந்தோம். ஒருவருக்கும் நித்திரை வரவில்லை. அம்மாவுக்கு நாங்கள் சொல்லியிருக்கவில்லை, ஆனால் அவர் எங்களை ஒருவர் மாறி ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் விடியக் காலமை குட்டன் தானாகவே வந்துவிட்டது. காது கிழிந்து, மெலிந்து, ஒரு காலை நொண்டிக்கொண்டு. பூனைக்குத் தன் இடம் தெரியும். வழி தெரியாத இடத்தில் விட்டால் அங்கே இருக்கிற பூனைகளிடமும் நாய்களிடமும் அது கடிபடும், இல்லாவிட்டால் திரும்பி வருகிற வழியில் வாகனத்தில் அடிபடும். "கொண்டே விடுறது" என்று நாங்கள் மெதுவாகச் சொல்கிற சொல்லுக்கு உள்ளே இருக்கிறது இவ்வளவும்தான்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம். முதலில் தெரிந்துகொண்டது, ஊர் சொன்ன வழிகளில் எத்தனை உண்மையான நஞ்சு என்பது. பூச்சி உருண்டை பூனைக்கு விஷம். நிலம் கழுவுகிற பினோல் கலந்த கிருமிநாசினியும் அப்படித்தான். எங்களுக்குக் காய்ச்சலுக்குத் தருகிற பரசிற்றமோல் ஒரு குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதும், ஏனென்றால் அதை உடைக்கிற சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. எலிப்பாசாணம் அதைத் தின்ற பூனையோடும் நிற்பதில்லை. எங்கள் கோழியும் அயல் நாயும் அதில் வாய் வைக்கலாம். சட்டமும் இருக்கிறது. மிருகவதையைத் தடுக்கிற கட்டளைச் சட்டம் இலங்கையில் 1907ஆம் ஆண்டே வந்துவிட்டது. அது போட்ட அபராதம் கூடினால் நூறு ரூபா. நாற்று ஒரு கட்டுக்கூட இன்றைக்கு அந்தக் காசுக்கு வராது. ஆகவே சட்டத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போவதில்லை.

இரண்டாவது, பூனை எங்கள் மேடைக்கு ஏன் வந்தது என்பது. அது எங்களோடு கோபித்துக்கொண்டு வரவில்லை. பீயை மூடுவதற்கு இளகின, காய்ந்த, மெல்லிய மண் அதற்கு வேண்டும். அம்மா சாம்பலும் மணலும் கலந்து, கையால் உதிர்த்துப் போட்ட மண்ணைவிட நல்ல மண் இந்த ஒழுங்கை முழுக்க இல்லை. நாங்களே அதற்குக் கக்கூசு கட்டிக் கொடுத்த மாதிரித்தான்.

பிறகு வேலை இலேசாகிவிட்டது. முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் தெரிந்த ஒருவரிடம் கழித்த மீன்வலை வாங்கினோம். மேடையைச் சுற்றித் தடி நட்டு, வலையை நல்லாய் இழுத்துக் கட்டினோம். தொய்ய விட்டால் பூனையின் கால் சிக்கிவிடும், அது பிறகு இன்னொரு பாவம். கன்றுகளின் இடைவெளியில் தேசிக்காய் முள்ளுக் கொப்புகளைப் பரப்பினோம். காலையில் ஊற்றுகிற தண்ணீரின் ஒரு பங்கைப் பின்னேரத்துக்கு மாற்றினோம், ஈர மண்ணைப் பூனை அவ்வளவாக விரும்பாது. கடைசியாக, வளவின் மூலையில் வேலிக்குப் பக்கத்தில் ஒரு முழம் அகலத்தில் ஆற்று மணலைக் கொட்டிவிட்டோம். அதுதான் உண்மையில் வேலை செய்தது. நாலாம் நாளிலிருந்து குட்டன் அங்கே போகத் தொடங்கியது. பீயை மண்வெட்டியால் அள்ளித் தாழ்க்கிறோம். பூனைப் பீயில் ஒரு கிருமி இருக்கலாம், பிள்ளைத்தாச்சிப் பெண்களுக்கு அது ஆபத்து. ஆகவே அவர்கள் அந்த வேலைக்குப் போகக் கூடாது, தோட்டத்துக் கீரையை நல்லாய்க் கழுவ வேண்டும்.

குஞ்சுகளுக்கு அம்மா பழைய வலையில் ஒரு கூடு கட்டினார். மிச்சத்துக்கு, பூனைக்கு மணி கட்டினோம். சத்தியமாகத்தான் சொல்கிறோம். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஊரெல்லாம் கேட்கிற கேள்விக்குத் தண்ணீரூற்றில் பதில் இருக்கிறது. ஆச்சியே கட்டினார், எங்கள் பழைய சலங்கையில் ஒன்று. எங்கேயும் கொழுவினால் கழன்று வருகிற மாதிரி இறப்பர் நாடாவில் கட்டினோம். மணி கட்டிய பூனை பிடிக்கிற பறவைகளின் தொகை குறைகிறது என்று இங்கிலாந்தில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்வதற்குப் பதிலாக ஒரு சுகமான வழி இருந்தது. எங்களுக்கும் ஆச்சிக்கும் நடுவில் வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது. அதைத் தகரத்தால் அடைக்கலாம் என்று சின்னவன் சொன்னான். பூனை பொட்டாலேதான் வருகிறது, உண்மை. ஆனால் அம்மா ஓம் என்று சொல்லவில்லை. இடம்பெயர்ந்து போய், முகாமில் இருந்து, திரும்பி வந்தபோது இங்கே வேலி என்று ஒன்று இருக்கவில்லை. தறப்பாளுக்குள் இருந்த அந்த மாதங்களில் ஆச்சியின் அடுப்பிலும் எங்கள் அடுப்பிலும் மாறி மாறித்தான் உலை வைத்தார்களாம். பிறகு கதியால் நட்டு வேலி அடைத்தபோது இரண்டு பேரும் கதைத்துப் பேசி விட்ட இடம் அந்தப் பொட்டு. முருங்கைக்காய் வருவதும் ஒடியல்மா போவதும் அதால்தான். இரவில் ஆச்சிக்கு ஏலாமல் வந்தால் நாங்கள் ஓடுவதும் அதால்தான். தகரத்தை அடித்தால் பூனை எப்படியும் மதிலேறி வரும். ஆச்சிதான் வரமாட்டார்.

உரப்பைக் கதையை நாங்கள் அவருக்குச் சொல்லாமலே இருந்தோம். இந்த லீவுக்கு வந்தபோது, மணலை மாற்றிக்கொண்டிருந்த இடத்தில், எங்களில் மூத்தவர்தான் சொன்னார். ஆச்சி பொட்டடியில் குந்தியிருந்து கேட்டார்.

"தெரியும் மோனை. வந்த அண்டைக்கு அதின்ரை முதுகில யூரியா மணத்தது."

தெரிந்துகொண்டுதான் அதற்கு அடுத்த நாள் முருங்கைக்காய் தந்திருக்கிறார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தோம், அதுவும் வரவில்லை. மணலை நிரவிவிட்டு எழும்பினோம்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. குட்டனுக்கு நலமெடுக்க வேண்டும். நலமெடுத்த கடுவன் ஊர் சுற்றுவதும் கடிபடுவதும் குறையும், மூலைக்கு மூலை மூத்திரம் அடிப்பதும் குறையும். விசர்நோய்த் தடுப்பூசியும் போட வேண்டும். மிருக வைத்தியரிடம் கொண்டுபோக ஆச்சி சம்மதித்துவிட்டார். ஆனால் உரப்பையில் இல்லை, கூடையில் என்றார். அதுவும் தானும் கூட வருவாராம்.