தெற்குச் சாலை – 6: பால்கோவாவும் விஜயந்தாவும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டு பால்கோவா இல்லாமல் திரும்புகிறவனை வீட்டில் சேர்க்கமாட்டார்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். அரைக் கிலோ பொட்டலத்தோடு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன். பின்கண்ணாடியில் ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் வெகுநேரம் கூடவே வந்தது. 192 அடி, பதினோரு நிலை. அவ்வளவு சீக்கிரம் கண்ணை விட்டுப் போகாது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சிக்கு எழுபது இருக்கும். என் மடியில் கிடந்த வாரப் பத்திரிகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ வடநாட்டு ஊரில் ரவுண்டானா நடுவே மேடை கட்டி நிறுத்திய ஒரு பழைய டேங்கின் படம். சுற்றிலும் புல்தரை, சங்கிலி வேலி, குழல்மேல் ஒரு காக்கை.

"விஜயந்தா. நான் ஓட்டுன வண்டி தம்பி" என்றார்.

அப்புறம் வன்னியம்பட்டி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

விஜயந்தா நம் ஆவடியில் பிறந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பை வாங்கி, கனரக வாகனத் தொழிற்சாலை 1965இல் செய்யத் தொடங்கிய டேங்க். ஏறக்குறைய 39 டன் எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ளே நான்கு பேர். அண்ணாச்சியைக் கேட்டால் பீரங்கிக்கு நூற்றுக்கு நூறு, என்ஜினுக்குப் பாஸ் மார்க் கூடக் கிடையாது. அந்த லேலண்ட் என்ஜின் பிரிட்டிஷ் இராணுவத்தின் சீஃப்டன் டேங்கிலும் இருந்து அவர்கள் உயிரையும் எடுத்ததுதான். "டெசர்ட்ல மத்தியானம் உள்ள உக்காந்தா, அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி. மேல் மூடிய அடைச்சிட்டா டிரைவருக்குப் பெரிஸ்கோப்பு வழியா ஒரு கீத்து வெளிச்சம், அம்புட்டுத்தான். கமாண்டர் சொல்றதக் காதுல கேட்டுக்கிட்டே ஓட்டணும்."

போரில் ஓட்டினீர்களா என்று கேட்டேன். இல்லையாம். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போர் முடிந்த பிறகுதான் சேர்ந்தாராம். இந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. ரயிலிலும் பஸ்ஸிலும் நான் சந்தித்த முன்னாள் ராணுவத்தினரில் பாதிப்பேர் அந்தப் போரின் லோங்கேவாலா சண்டையில் நின்றவர்கள்.

படத்தைத் திரும்பவும் பார்த்தார். "இப்படி நிறுத்தும்போது மூடியெல்லாம் பத்தவச்சு அடைச்சிருவாங்க. யாரும் உள்ள போயிறக் கூடாதுல்ல. வெளிய நின்னு பாக்குற சனத்துக்கு அதுல நாலு ஆளு இருந்தாங்கன்னு எப்படித் தெரியும்?"

அவர் பயிற்சி எடுத்தது மகாராஷ்டிரத்தில் அப்போது அகமத்நகர் எனப்பட்ட ஊரில், கவசப் படையின் பயிற்சி மையத்தில். 1994இல் திறந்த டேங்க் அருங்காட்சியகம் ஒன்றும் அந்த ஊரில் இருக்கிறது. 'ஃபமகுஸ்தா' என்ற செஞ்சூரியன் டேங்கைப் பாதுகாத்து வைத்திருப்பதும் அங்கேதான். 1971 டிசம்பர் 16, பசந்தர் சண்டை. பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால், வயது 21, எரியும் அந்த டேங்கை விட்டு இறங்க மறுத்துச் சண்டையிட்டு இறந்தார். பரம்வீர் சக்ரா கிடைத்தது. அவர் பெயர் தெரிந்தவர்கள் நிறைய. அதே டேங்குக்குள் இறந்த வீரர் நந்த் சிங்கை எத்தனை பேருக்குத் தெரியும்? வண்டியைத் தீயோடு ஓட்டியவரை? "டிரைவரப் பத்தி யாருமே கேக்க மாட்டாங்க" என்றார் அண்ணாச்சி. அதில் தொழில் அபிமானம் கொஞ்சம் உண்டு என்றாலும், சொன்னது சரி.

பஞ்சாபின் அசல் உத்தரில் கதை வேறு. 1965 செப்டம்பரில் நம் படை வாய்க்காலை உடைத்து வயலைச் சேறாக்கியதில் பாகிஸ்தானின் பாட்டன் டேங்குகள் சிக்கிக்கொண்டன. ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு அவற்றை வேட்டையாடிய அப்துல் ஹமீது செப்டம்பர் 10 அன்று வீழ்ந்தார். பிடிபட்ட பாட்டன்கள் ஊர் ஊராகப் போய் நின்றன. டேங்க் எதிரியுடையது என்றால் உள்ளே இருந்தவனைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. அது வெற்றிப் பொருள்.

இதை எழுதும்போது இலங்கையின் ஆனையிறவு நினைவுக்கு வருகிறது. ஏ9 சாலையோரம் ஒரு துருப்பிடித்த புல்டோசர். விடுதலைப் புலிகள் இரும்புத் தகடு அடித்து டேங்க் போல ஆக்கி 1991 ஜூலையில் அங்கிருந்த ராணுவ முகாமை நோக்கி ஓட்டி வந்தது. காமினி குலரத்ன என்ற சிங்களச் சிப்பாய் அதன்மேல் ஏறிக் குண்டை வெடிக்கவைத்து, தானும் இறந்தார். இலங்கை ராணுவம் அவருக்கு அங்கே நினைவிடம் எழுப்பியிருக்கிறது. தெற்கிலிருந்து வந்த சுற்றுலா பஸ்கள் நின்று படம் எடுத்துக்கொண்டன. அந்த இரும்புக்குள் உட்கார்ந்து ஓட்டி வந்தவர்களும் யாரோ ஒரு தாய்க்குப் பிள்ளைகள்தானே. அவர்களைப் பற்றி ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை.

நம் கிராமங்களில் வெள்ளைக்காரன் பதித்த பளிங்குப் பலகைகள் சில இன்னும் இருக்கின்றன. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று எண்ணிக்கை மட்டும். அவை டேங்க் அளவுக்குக் கம்பீரமில்லை. ஆனால் எந்த ஊர்க்காரன் என்பதையாவது சொல்கின்றன. 2017இல் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தர், மாணவர்கள் ராணுவத்தின் தியாகத்தை உணர வளாகத்தில் ஒரு டேங்க் வேண்டும் என்று மத்திய அமைச்சர்களிடம் கேட்டார். ஒரு பெயர்ப் பலகை கேட்டிருக்கலாம். செலவும் குறைவு, சண்டையும் வந்திருக்காது.

ராஜபாளையத்தில் இறங்கியதும், காந்தி கலை மன்றத்துக்கு வழி கேட்டேன். சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா தன் சொந்த வீட்டையே கொடுத்து உண்டாக்கிய மன்றம். அண்ணாச்சி சிரித்துவிட்டார். "இம்புட்டு நேரம் டேங்கப் பத்திப் பேசிட்டு காந்தியப் பாக்கப் போறீகளா? போயிட்டு வாங்க. நேரமிருந்தா சத்திரப்பட்டிக்கும் போங்க. நம்ம மருமக அங்க பேண்டேஜ் தறியிலதான் இருக்கு."

மன்றத்தைப் பார்த்துவிட்டு சத்திரப்பட்டிக்குப் போனேன். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் கட்டுத்துணி இங்கேதான் நெய்கிறார்கள். கொடிகளில் வெளுத்த துணி நீள நீளமாகக் காய்ந்தது. ஒரு தறிக்கூடத்தில் என் பால்கோவாப் பொட்டலத்தைப் பிரிக்க வைத்து, டீயும் கொடுத்து, நூல் விலை ஏற்றத்தைப் பற்றி ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்தார்கள். அந்தக் கணக்கு தனியாக எழுதவேண்டியது.

அடுத்த வாரம் அய்யனார் கோயில் ஆறு. மலையில் மழை பெய்யாமல் இருந்தால்.