'நில்' என்று எழுதிய கட்டம்

கரும்புக்குத் தண்ணீர் கட்டும் நாட்களில் அப்புச்சி, அம்மாவின் அப்பா, ஒரு கதை சொல்லுவார். மண்வெட்டியால் மடையைத் திருப்பிவிட்டு, வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு ஆரம்பிப்பார். "அந்தூர்லயும் கரும்புதான் கண்ணு. இதைவிட ஒசரம். வாய்க்கால ஒடச்சுத் தண்ணிய உள்ள உட்டுட்டாங்க. டாங்கி வந்து சேத்துல மாட்டிக்குச்சு, நம்ம வண்டி மாட்டிக்குமில்ல, அந்த மாதிரி." எனக்கு அப்போது ஏழெட்டு வயது. அன்னூருக்குப் பக்கத்தில், ஒன்றரை ஏக்கர் கரும்பும் ஒரு கிணறும்தான் அவருடைய உலகம் என்று நினைத்திருந்தேன். 'அந்தூர்' என்பது அவிநாசிக்கு அக்கட்டால் ஏதோ ஓர் ஊர் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த ஊரின் பெயர் அசல் உத்தர். பஞ்சாபில், கேம்கரண் பக்கத்தில் இருக்கிறது. 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை அங்கே நடந்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்த பெரிய டாங்கிச் சண்டைகளில் ஒன்று. கரும்பும் பருத்தியும் நின்ற காடுகளுக்குள் நம் படை மறைந்திருந்தது. கால்வாய்க் கரையை உடைத்து வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். அமெரிக்கப் பேட்டன் டாங்கிகளோடு வந்த பாகிஸ்தான் கவசப்படை அந்தச் சேற்றில் சிக்கி, நூறை ஒட்டிய டாங்கிகளை இழந்தது. பிடிபட்டவற்றைக் கொண்டுவந்து நிறுத்திய இடத்துக்குப் 'பேட்டன் நகர்' என்றே பெயர் வந்தது. ஜீப்பில் பொருத்திய ஆர்.சி.எல். பீரங்கியால் டாங்கிகளைத் தகர்த்து, 10-ஆம் தேதி உயிரை விட்ட ஹவில்தார் அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது.

என் அப்புச்சி அங்கே லாரி ஓட்டினார். குண்டு ஏற்றிய லாரி. அவ்வளவுதான் அவர் செய்தது. அதற்கு யாரும் சக்ரா கொடுப்பதில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அப்படிப் போர்முனைக்குப் போனவர்களுக்கென்று அரசாங்கமே ஒரு பதக்கம் வைத்திருந்தது: சமர் சேவா ஸ்டார். 1965-இல் படையில் இருந்தவர்களுக்குப் பரவலாகக் கொடுத்தது ரக்ஷா மெடல். போர்க்களத்தில் பணிசெய்தவர்களுக்கு இந்த ஸ்டார். அப்புச்சியின் கறுப்பு டிரங்குப் பெட்டியில் ரக்ஷா மெடல் மட்டும் இருந்தது.

அந்தப் பெட்டியைத் திறந்தால் அந்துருண்டை வாசம் வரும். மேலே காக்கி கம்பளி ஸ்வெட்டர், அடியில் எனாமல் குவளை, ஓரத்தில் துணி முடிச்சில் மெடல். அதன் விளிம்பில் எண், பதவி, பெயர் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து ஓடும். பெயரைத் தப்பாக வெட்டியிருந்தார்கள். கொங்கு நாட்டில் பாதி ஆண்களின் பெயர் 'சாமி'யில் முடியும். அந்தச் சாமியை ஆங்கிலத்தில் 'ஐ' போட்டு முடிப்பவர் உண்டு, 'வொய்' போடுபவர் உண்டு, நடுவில் 'டபிள்யூ' சேர்ப்பவர் உண்டு. பட்டாளத்தில் சேர்ந்த அன்று எதிரே உட்கார்ந்திருந்த எழுத்தர் எந்த ஊர்க்காரரோ, அவர் காதுக்கு எப்படி விழுந்ததோ அப்படித்தான் பெயர். மெடலில் ஒரு சாமி, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு சாமி, ரேஷன் கார்டில் மூன்றாவது சாமி. ஊரில் எல்லோருக்கும் அவர் மிலிட்டரிக்காரர்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கையெழுத்தில் நிரப்பிய அந்தச் சின்னப் புத்தகத்தில், போர்ப்பணி என்ற கட்டத்துக்கு எதிரே ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தது: 'நில்'. இல்லை என்று ஆங்கிலத்தில். அம்மா அதைத் தமிழாகவே படித்தாள். "நில்லுன்னு யாரோ அவர நிறுத்தி வெச்ச மாதிரி இருக்குதடா" என்பாள்.

அம்முச்சி, அம்மாவின் அம்மா, சொன்ன கதை வேறு. 1965-இல் அப்புச்சி இரண்டு மாத லீவில் வந்திருந்தார். அம்மாவுக்கு நாலு வயது; காது குத்துக்கு நாள் குறித்தாயிற்று. பத்திரிகை அடித்து, அரிசி வாங்கி, மாமன் சீர் எல்லாம் பேசி முடித்த நேரத்தில் சைக்கிளில் தந்திக்காரர் வந்தார். லீவு ரத்து, உடனே வந்து சேரவும். அந்தக் காலத்தில் தந்தி என்றாலே எழவுச் சேதிதான் என்று பயந்து, வாங்காமல் வீட்டுக்குள் ஓடிவிட்டாளாம் அம்முச்சி. மறுநாள் கோயமுத்தூரில் ரயில் ஏறினார். மெட்ராஸ் போய், ஜி.டி. எக்ஸ்பிரஸில் டெல்லி, அங்கிருந்து பஞ்சாப். அம்மாவுக்கு அந்த வருஷம் காது குத்தவில்லை. அவர் திரும்பி வந்தபின், அடுத்த வருஷம் குத்தினார்கள். அம்மா இன்றும் தோட்டைத் தொட்டுக்கொண்டுதான் இதைச் சொல்வாள். அந்தத் தந்தியும் இப்போது இல்லை. 2013 ஜூலையோடு இந்தியாவில் தந்திச் சேவையே முடிந்தது.

ஒருமுறை சுதந்திர தினத்தில், போருக்குப் போன ஊர்க்காரர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதென்று ஏற்பாடு நடந்தது. விழா நடத்தியவர்கள் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். "இவரு சண்டைக்குப் போகலீங்க. புத்தகத்துல நில்லுன்னு போட்டிருக்குதுங்க" என்று மேடைக்குக் கீழேயே ஒருவர் சொல்லிவிட்டார். நான் அப்புச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வா கண்ணு, தண்ணி கட்டோணும்" என்றார். அன்று கதை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கரும்புக் கதையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

2004-இல் அவர் இறந்தார். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் ஒட்டி, அப்புச்சியின் பணி ஏட்டைக் கேட்டு, அம்மாவின் பெயரில் முதல் மனுவை நான்தான் எழுதினேன்.

அதற்கு முன் கோவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். பழையவர்கள் அதை இன்னும் சைனிக் போர்டு என்றுதான் சொல்கிறார்கள். அங்கே தன் வேலையாக வந்திருந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். படைவீரனுக்கு நேர்கிற ஒவ்வொரு மாற்றமும், அதாவது லீவில் போவது, லீவிலிருந்து திரும்புவது, கல்யாணம், குழந்தை பிறப்பு, இடமாற்றம் எல்லாம் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவில் ஏற வேண்டும். அதில் ஏறினால்தான் ஆவணத்தில் ஏறும். "லீவு கேன்சலாகி வந்தவங்கள டிரான்சிட் கேம்ப்லயே புடிச்சு, எந்த யூனிட்டுக்கு வண்டி ஓட்ட ஆள் வேணுமோ அங்க ஒட்டி அனுப்பியிருப்பாங்கம்மா. அவரோட சொந்த யூனிட்டுக்கு அவர் இன்னும் லீவுலதான் இருக்காரு. திரும்பி வந்ததா ஆர்டரே போட்டிருக்க மாட்டாங்க." அவர் சொன்னது ஊகம்தான். ஆனால் அம்மா அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதாள். இத்தனை வருஷமாகத் தன் அப்பா பொய் சொன்னாரோ என்ற சந்தேகம் அவளுக்குள்ளும் ஒரு மூலையில் இருந்திருக்கிறது.

மனுவுக்குப் பதில் வந்தது. பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் பணி ஏடுகள் 25 ஆண்டுகள்தான் காக்கப்படும். காலக்கெடு முடிந்து அவை அழிக்கப்பட்டுவிட்டன. 'லாங் ரோல்' என்ற நிரந்தரப் பதிவேட்டில் எண், பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் மட்டும் உள்ளன. அப்புச்சி 1957-இல் சேர்ந்து 1968-இல் விலகியவர். தன் அப்பா செத்து, கிணறும் காடும் பார்க்க ஆளில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பென்ஷனுக்கு 15 வருஷம் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 1993-லேயே அந்தக் காகிதங்கள் போய்விட்டன. அப்போது அவர் உயிரோடு, கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு இருந்தார்.

செத்தவருடைய ஏட்டை இனி யார் திருத்துவார்கள் என்று கேட்டவர்களுக்கு நான் சொல்லும் பெயர் ஒன்று உண்டு. அஜ்ஜமாட தேவய்யா, குடகுக்காரர், விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடர். 1965 செப்டம்பர் 7 விடியலில் ஆதம்பூரிலிருந்து மிஸ்தேர் விமானங்கள் பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கக் கிளம்பின. தேவய்யா மாற்று விமானியாக இருந்து, ஓர் இடம் காலியானதால் சேர்ந்துகொண்டவர். போனவர் திரும்பவில்லை. காணாமல்போனவர் என்று எழுதி ஏட்டை மூடினார்கள். 14 வருஷம் கழித்து, 1979-இல் ஜான் ஃப்ரிக்கர் என்ற ஆங்கில எழுத்தாளர் பாகிஸ்தான் விமானப்படையின் கோணத்திலிருந்து அந்தப் போரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சர்கோதாவிலிருந்து திரும்பிய மிஸ்தேர் ஒன்று, தன்னைவிட வேகமும் வல்லமையும் மிகுந்த ஸ்டார்ஃபைட்டர் விமானத்தோடு சண்டையிட்டு அதை வீழ்த்தியது என்று அதில் இருந்தது. பாகிஸ்தான் விமானி அம்ஜத் உசேன் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். எதிரியின் வாக்குமூலத்தை நம் ஆவணங்களோடு ஒப்பிட்டபோது, அந்த மிஸ்தேரை ஓட்டியவர் தேவய்யாவாகத்தான் இருக்க முடியும் என்று தெளிந்தது. 1988-இல், 23 வருஷம் கழித்து, அவருக்கு மகாவீர் சக்ரா அறிவித்தார்கள். அவர் மனைவி சுந்தரி அதை வாங்கிக்கொண்டார். ஆஸ்திரேலியாவின் டெடி ஷீன் என்ற இளம் மாலுமி 1942 டிசம்பர் 1 அன்று மூழ்கும் கப்பலில் துப்பாக்கியை விடாமல் சுட்டபடி இறந்தார். அவருக்கு விக்டோரியா கிராஸ் 2020-இல்தான் கிடைத்தது. 78 வருஷம்.

தேவய்யாவின் வீரத்தை என் அப்புச்சியின் லாரியோடு ஒப்பிடவில்லை. இரண்டு ஏடுகளும் தவறாக இருந்தன என்று மட்டும் சொல்கிறேன். ஒன்றைத் திருத்த, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சாட்சி வந்தது. லாரி டிரைவருக்குச் சாட்சி சொல்ல யார் வருவார்கள்?

வந்தது. அம்முச்சி இறந்தபின் அவள் அரிசிப் பானைக்கு அடியில் ஒரு துணிப்பையை எடுத்தோம். மணியார்டர் துண்டுகள், ஒரு பழைய மஞ்சள் கயிறு, மடித்து மடித்து நைந்துபோன ஒரு கடிதம். அப்புச்சியின் கோணல் எழுத்து. கிணற்றில் தண்ணி எத்தனை அடி இருக்கிறது, மயிலைக் காளைக்குக் கால் சரியானதா, பாப்பாவுக்குக் காது குத்த அவசரப்பட வேண்டாம், நான் வந்துவிடுகிறேன். எந்த ஊர் என்று எழுதவில்லை; எழுதக்கூடாது. "இங்கேயும் கரும்புதான். தண்ணி கட்டியிருக்குது" என்று மட்டும் கடைசியில் ஒரு வரி. முகவரிப் பக்கத்தில் வட்டமாக ராணுவக் களத் தபால் நிலையத்தின் முத்திரை. மங்கலாகத்தான் இருக்கிறது. ஆனால் எஃப்.பி.ஓ. எண்ணும், 1965 செப்டம்பர் என்ற தேதியும் படிக்க முடிகிறது. லீவில் அன்னூரில் இருந்த மனிதன் அன்னூருக்கு அந்த முத்திரையோடு கடிதம் போட்டிருக்க முடியாது.

அதன் நகலோடு மறுபடி எழுதியிருக்கிறோம். மனு கிடைத்ததாக ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது, முடிவு வரவில்லை. அம்மாவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. "ஸ்டாரெல்லாம் வேண்டாம்டா. அந்த நில்ல மட்டும் அடிச்சுட்டா போதும்" என்கிறாள். நான் இரண்டையும் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன். இரண்டும் அவருக்குச் சேர வேண்டியவை.

அன்னூரிலும் காரமடையிலும் புளியம்பட்டியிலும் இன்னும் எத்தனையோ வீடுகளில் இப்படிப் பெட்டிகள் இருக்கின்றன. வீடு இடிக்கும்போதும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பட்டாளத்துக் கடிதம் ஏதாவது இருந்தால், உள்ளே ஒன்றும் முக்கியமாக எழுதவில்லை என்று தோன்றினாலும், முத்திரை விழுந்த பக்கம் மடியாமல் எடுத்து வையுங்கள்.