மேஜை மேல் எத்தனை வானம்?

சென்னையில் பட்டப்பகலில் ட்யூப் லைட் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பவர்கள் ஏராளம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்; உள்ளே, ‘லைட்டைப் போட்டுண்டு படிடா, கண்ணு கெட்டுடும்.’

வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் சொல்வார்கள். உச்சி வெயிலில் தரையில் சுமார் 1 லட்சம் லக்ஸ். மேகம் மூடினாலும் 10,000 தேறும். படிக்க 300 இருந்தால் போதும். அதுவே பல வீடுகளில் கிடையாது.

என் அக்கா பெண்ணுக்கு ஃப்ளாட் பார்க்கப் போயிருந்தோம். “காத்தும் வெளிச்சமும் பிச்சுக்கும் சார்” என்றார் காட்டியவர். ஜன்னலுக்கு எதிரே காலி மனை. “நாளைக்கு அங்கே நாலு மாடி வந்தால்?” என்றேன். சிரித்தார்.

அதற்குக் கணக்கு இருக்கிறது. வானிலை நிலையங்களில் பெரும்பாலும் லக்ஸை அளப்பதில்லை. சூரியக் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்றுதான் அளக்கிறார்கள். ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 110 லூமென் என்று பெருக்கினால் லக்ஸ் வந்துவிடும். மேகம், ஈரப்பதம், சூரியனின் உயரம் இவற்றைப் பொறுத்து இந்த எண் மாறும். அதற்கான சூத்திரங்களை ரிச்சர்ட் பெரெஸும் சகாக்களும் 1990-ல் வெளியிட்டார்கள். வானத்தின் எந்த மூலை எத்தனை பிரகாசம் என்பதற்கான சூத்திரம் 1993-ல் அவர்களிடமிருந்தே வந்தது.

அடுத்து, வானத்தை 145 துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் ஜன்னல் வழியே நேராகவும் சுவரில் பட்டுத் தெறித்தும் மேஜைக்கு எவ்வளவு அனுப்புகிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். அதை வருஷத்தின் 8,760 மணி நேர வானிலையோடு பெருக்கினால் தீர்ந்தது. அந்த வருஷமும் ஓர் ஒட்டு வருஷம். ஜனவரி ஓர் ஆண்டிலிருந்து, பிப்ரவரி வேறோர் ஆண்டிலிருந்து என்று பொறுக்கிச் சேர்த்தது. எந்தக் காலண்டரிலும் இருக்காது.

எதிர் மனையில் நாலு மாடி உயரத்துக்கு ஒரு பெட்டி வரைந்து, திரும்ப ஓடவிட்டால், அந்த மேஜை வருஷத்துக்கு எத்தனை மணி நேர வெளிச்சத்தை இழக்கும் என்று தெரிந்துவிடும். செங்கல் வைப்பதற்கு முன்பே.

ஃப்ளாட் வாங்கும்போது ஈசானிய மூலையை விசாரிக்கிறோம். பைக் நிறுத்த இடம் கேட்கிறோம். இருபது வருஷ இ.எம்.ஐ. கட்டப்போகும் வீட்டில் பகலில் படிக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை.

கம்ப்யூட்டர் இல்லாமலும் ஒரு சோதனை செய்யலாம். மேஜை போடப்போகும் இடத்தில் தலையை மேஜை உயரத்துக்குத் தாழ்த்தி ஜன்னலைப் பாருங்கள். ஒரு துண்டு வானமாவது தெரிகிறதா? தெரியவில்லையென்றால், விலை பேசும்போது கரன்ட் பில்லையும் சேர்த்துப் பேசுங்கள்.