டீ கெட்டில் சொன்ன பதில்!

ப்ராஜெக்ட் பண்றவங்க, பண்ணப்போறவங்க... கொஞ்சம் கிட்ட வாங்க. இது உங்களுக்கான கதை!

எங்க வீடு கோத்தகிரி பக்கம். ஒரு ஏக்கர் தேயிலைதான் சொத்து. பச்சைத் தேயிலை விலை எப்ப சரிஞ்சாலும் அப்பாகிட்ட ஒரே டயலாக்தான். "ரஷ்யாக்காரன் வாங்கறதை விட்டான்... நம்ம பொழப்பு போச்சு!" 1991-ல் சோவியத் யூனியன் உடைஞ்சப்ப நான் பொறக்கவே இல்லை. ஆனா, அந்த டயலாக் கேட்டே வளர்ந்தவ. எம்.ஏ. எகனாமிக்ஸ் ப்ராஜெக்ட்னு வந்ததும், 'அப்பா சொல்றது நிஜமா?'ன்னு பார்த்துடலாம்னு இறங்கிட்டேன்.

இந்தியா அனுப்பின கணக்கு கிடைச்சது. ரஷ்யா வாங்கின கணக்கு? அந்த நாட்டு அரசு இணையதளம் ஒண்ணைத் தட்டினா, வெள்ளைப் பக்கம். ஹாஸ்டல், லேப், பிரவுசிங் சென்டர்... எங்கேயும் அதே கதை. 'நெட் ஸ்லோ'ன்னு திட்டியே நாலு நாள் போச்சு.

லேப் அண்ணாதான் சொன்னார், "இது ஜியோ-பிளாக்கிங்மா." ஊட்டிக்கு 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் கேக்கறாங்க இல்லையா? டிஎன் 43 வண்டின்னா நம்ம ஊர்னு விட்டுடுவாங்க. அதே மாதிரி, உங்க ஐ.பி. முகவரியைப் பார்த்து 'இது வெளிநாடு'ன்னு தெரிஞ்சா கதவைச் சாத்திடுவாங்க. உக்ரைன் போர் ஆரம்பிச்ச 2022 பிப்ரவரி 24 அன்னிக்கு, ரஷ்ய ராணுவ அமைச்சக இணையதளம் வெளிநாட்டுக்காரங்களுக்குக் காட்டின எரர் நம்பர் 418. அர்த்தம்? 'நான் ஒரு டீ கெட்டில்!' 1998-ல் ஏப்ரல் ஃபூல் ஜோக்கா எழுதின நம்பர் அது. தேயிலைக் கணக்கு தேடினவளுக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க! போதாக்குறைக்கு, 2022 ஏப்ரல்ல ரஷ்ய சுங்கத்துறை விரிவான ஏற்றுமதி-இறக்குமதி விவரம் வெளியிடறதையே நிறுத்திவெச்சது.

ரூம்மேட் ஒரு இலவச வி.பி.என். ஆப் கொடுத்தா. அது முதல்ல கேட்டது என் போன்ல இருக்கற அத்தனை நம்பரையும்! வேணாம்னு தூக்கிட்டேன். அடுத்த ஐடியா, "விட்டுப்போன வருஷத்துக்கு நீயே ஒரு சராசரி போட்டு நிரப்பு. யாரு செக் பண்ணப்போறா?"

ஒத்துக்கறேன்... நிரப்பினேன். கிராஃப் அவ்வளவு அழகா வந்துச்சு.

அந்த வார லீவுல வீட்டுக்குப் போனேன். அப்பா இலைப் பையைக்கூட இறக்கி வைக்கலை. "ஏம்மா, நான் சொன்னது சரிதானா? கணக்குல என்ன வந்துச்சு?" அவர் முகத்தைப் பார்த்து என்னால பதில் சொல்ல முடியலை. கிராஃப்ல இருந்தது அவரோட வாழ்க்கை இல்லை, என்னோட கற்பனை. அன்னிக்கு ராத்திரியே அழிச்சேன்.

திங்கட்கிழமை கைடு மேடம்கிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். திட்டலை. "வாங்கினவன் கணக்கு காட்டலைன்னா, வித்தவன்கிட்ட கேளு"ன்னாங்க. இதுக்கு 'மிரர் டேட்டா'ன்னு பேர். ஐ.நா.வோட காம்ட்ரேட் தளத்துல தேயிலைக்கான எண் 0902. அதைப் போட்டு, ரஷ்யாவுக்கு யார் யார் எவ்வளவு அனுப்பினாங்கன்னு எடுத்தேன். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க... ஏற்றுமதி மதிப்புல கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் இருக்காது. இறக்குமதி மதிப்புல பெரும்பாலும் இருக்கும். ரெண்டும் அச்சா பொருந்தாது. 2001-ல் பொதுமக்களுக்குத் திறந்த 'வேபேக் மெஷின்'ல, கதவு சாத்தறதுக்கு முந்தி பதிவான பழைய பக்கங்கள் சிலதும் கிடைச்சது.

ஜெர்மனியில படிக்கிற சீனியருக்கு மெயில் போட்டேன். அவர் பதில்ல ஒரு கோரிக்கை. "நம்ம ஊர் அரசு தளம் ஒண்ணு இங்கே திறக்கலை. டவுன்லோடு பண்ணி அனுப்புறியா?" சிரிச்சுக்கிட்டே அனுப்பினேன். கதவு சாத்தறது அவங்க மட்டும் இல்லைங்க!

கிடைக்காத வருஷங்களுக்கு நேரா, 'இந்தத் தேதியில் இந்தியாவிலிருந்து திறக்க முடியவில்லை'ன்னு எழுதி கட்டத்தைக் காலியா விட்டேன். வைவாவுல அதைப் பத்திதான் நிறைய கேட்டாங்க. பயமில்லாம பதில் சொன்னேன்.

அப்பாகிட்ட? "ரஷ்யாக்காரன் டீ குடிக்கறதை விடலைப்பா. கடையை மாத்திட்டான். இலங்கை, கென்யான்னு போயிட்டான்."

கொஞ்ச நேரம் யோசிச்சார். "நம்ம இலைக்கு என்ன குறைச்சலாம்?"

அதுதாங்க என் அடுத்த ப்ராஜெக்ட்!