விற்பனைக்கு ஒரு வீடு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

சென்னை மாநகரின் வடபகுதியில் கடலை ஒட்டி அமைந்தது ராயபுரம். ராயப்பர் என்பது புனித பேதுருவுக்குத் தமிழ்க் கிறித்தவர் வழங்கிய பெயர். அவர் பெயரால் எழுந்த தேவாலயத்தை வைத்தே ஊருக்கும் பெயர் வந்தது என்பர். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது இங்கிருந்துதான். பார்சி மக்களின் அக்கினிக் கோயில் 1910-இல் எழுந்ததும் இங்கேதான். மீனவர், தெலுங்கர், முஸ்லிம்கள், கிறித்தவர், துறைமுக வேலைக்கென்று தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர் எனப் பலரும் தோளோடு தோள் உரச வாழும் இவ்வூரின் சந்து ஒன்றில், இரு குடும்பங்கள் வாழ்வதற்கென்றே கட்டப்பட்ட மாடி வீடு ஒன்று சென்ற ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதன் கீழ்ப் போர்ஷனில்தான் நான் பிறந்து வளர்ந்தேன்.

கீழே நாங்கள், மாடியில் தையற்காரர் பாய் குடும்பம். வெளிப்புறம் ஒரு படிக்கட்டு, பொதுவாக ஓர் அடிபம்பு, தனித்தனியாக இரண்டு கரண்ட் மீட்டர். என் தந்தை காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் தொழிலாளி. அவருக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனவே எந்தக் காகிதம் வந்தாலும், அது மேல் வீட்டுக்கு வந்ததானாலும், படித்துச் சொல்வது என் வேலையாயிற்று.

நாங்கள் மாத வாடகைக்காரர். மாடி வீட்டாரோ போக்கியத்துக்கு இருந்தவர்கள். அதாவது, பெருந்தொகை ஒன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருப்பது. காலி செய்யும்போது அத்தொகையை வட்டியின்றித் திரும்பப் பெறுவது. பாயின் மனைவியை நான் பெரியம்மா என்றுதான் அழைப்பேன். அவர் தம் நகைகளை விற்று நான்கு இலட்சம் ரூபாய் கொடுத்திருந்தார். அதற்கு அத்தாட்சி, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய ஓர் ஒப்பந்தம் மட்டுமே.

வீட்டுக்காரர் காலமானபின் அவர் பிள்ளைகள் வீட்டை விற்றுப் பங்கிட்டுக்கொள்ள முடிவு செய்தனர். தரகர் ஒருவர் நாள்தோறும் ஆட்களை அழைத்து வந்து காட்டலானார். "மேலயும் கீழயும் வாடகைதான் சார், சொன்னா காலி பண்ணிடுவாங்க" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. போக்கியப் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பெரியம்மா அந்த முத்திரைத்தாளை என்னிடம் கொடுத்து, "இதுல என்ன கண்ணு எழுதியிருக்கு? பணம் வந்துடுமில்ல?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரி நூலகத்தில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தை எடுத்துப் புரட்டினேன். அனுபவிக்கும் உரிமையோடு கூடிய அடமானம், தொகை நூறு ரூபாயோ அதற்கு மேலோ ஆனால், பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது அதன் 59-ஆம் பிரிவு. எங்கள் பக்கத்திலோ செலவுக்கு அஞ்சிப் பலரும் பதிவதில்லை. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே தெரியும். ஆகவே பெரியம்மாவின் நான்கு இலட்சம் சார்பதிவாளர் அலுவலகத்தின் எந்த ஏட்டிலும் இல்லை!

இந்நிலையில் தரகர் என் தந்தையைத் தனியே அழைத்துப் பேசினார். "நீ வாயைத் திறக்காதே. புது ஓனர்கிட்ட சொல்லி இதே வாடகைக்கு உன்னை இருக்க வைக்கிறேன்" என்றாராம். தந்தை அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. ஐஸ் சுமக்கும் தோளுக்கு வீடு மாறும் செலவும் ஒரு சுமைதானே?

1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்டப் பணிகள் ஆணைக்குழு, வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி வழங்கும் என்று விரிவுரையாளர் ஒருவர் எனக்குச் சொன்னார். பெரியம்மாவை அங்கே அழைத்துச் சென்றேன். தாளைப் பார்த்த வழக்கறிஞர் அம்மையார், பத்திரம் பதியப்படாதது பலவீனமே என்றார். ஆயினும் ஒரு வீட்டில் யாரேனும் குடியிருந்தால், அவருக்குள்ள உரிமை வாங்குகிறவருக்குத் தெரியும் என்றே சட்டம் கொள்கிறது என்றும், "எனக்குத் தெரியாது" என்று வாங்குகிறவர் பின்னால் சொல்ல முடியாது என்றும் விளக்கினார். "வாங்க வருபவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், எழுத்திலும் கொடுங்கள்" என்பதே அவர் தந்த அறிவுரை.

அடுத்த ஞாயிறு, விலை பேசி முடிக்க ஒருவர் வந்தார். தந்தை அடிபம்பருகே நின்றிருந்தார். நான் முன்னால் போய், "சார், மாடியில் இருப்பவர்கள் வாடகைக்காரர் இல்லை. நான்கு இலட்சம் போக்கியம் கொடுத்தவர்கள்" என்று சொல்லி, தாளின் நகலையும் பெரியம்மா கையெழுத்திட்ட கடிதத்தையும் நீட்டினேன். "படிக்கிற பொண்ணு, உனக்கெதுக்கும்மா இது?" என்று சீறினார் தரகர். வந்தவர் அவரைக் கையமர்த்திவிட்டுத் தாளை இருமுறை படித்தார். தந்தை என்னைத் தடுக்கவில்லை. ஆனால் இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை.

விற்பனை ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு பிரிவு சேர்ந்தது: விலையில் நான்கு இலட்சத்தைக் கழித்து, பத்திரம் பதியும் நாளிலேயே பெரியம்மா பெயருக்கு வங்கி வரைவோலையாகத் தந்துவிட வேண்டும். அவ்வாறே தரப்பட்டது. தரகர் எங்களுக்குச் சொன்ன வாக்கு மட்டும் காற்றோடு போயிற்று. இரு குடும்பங்களும் மூன்று மாதத்தில் காலி செய்தோம். மூன்றாம் நாள் பேசத் தொடங்கிய தந்தை, பாயையும் உடன் அழைத்துக்கொண்டுதான் வீடு தேடப் புறப்பட்டார். இன்று தண்டையார்பேட்டையில் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறோம். எங்களுக்கு வாடகை மாதம் இரண்டாயிரம் கூடுதல். அதை ஈடுகட்ட மாலையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன்.

அன்பு மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். நம் இல்லங்களில் மஞ்சள் பையிலும் டிரங்குப் பெட்டியிலும் உறங்கும் தாள்கள் எத்தனையோ! விடுமுறையில் ஒருநாள் அவற்றை வெளியே எடுத்துப் படியுங்கள். எது பதிவானது, எது பதிவாகாதது என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள். அண்டை வீட்டார் கேட்டால் அவர்களுக்கும் சொல்லுங்கள். பட்டம் நம் கைக்கு வர இன்னும் ஓராண்டு இருக்கலாம். படிப்புக்கு வேலை இன்றே இருக்கிறது.