ஆற்றுப் படுகையில் வீடு

ஆற்றங்கரையை அடுத்த தாழ்நிலத்தைப் படுகை என்பர் தமிழர். படுத்தல் என்னும் வினையோடு இச்சொல்லை வைத்து எண்ணுங்கால், வெள்ளம் பெருகும்போது ஆறானது பரந்து படுத்தற்குரிய இடம் அதுவே என்பது விளங்கும். ஆண்டிற் பத்து மாதம் வறண்டு கிடப்பதனால் அந்நிலம் உரியவர் அற்றதாகிவிடாது. உரியவர் வெளியூர் சென்றிருக்கின்றார், அவ்வளவே.

யாம் வாழும் முடிச்சூர்ப் பகுதி அடையாற்றின் தோற்றுவாய்க்கு அண்மையில் உள்ளது. ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் மிகுநீர் இப்பக்கமாகவே வருவது. அந்நீர் தங்கிச் சென்ற வயல்கள் ஒவ்வொன்றாய் மனைகளாயின. எம் பெற்றோர் தம் சேமிப்பனைத்தும் கொடுத்து வாங்கிய மனையும் அவற்றுள் ஒன்று. விற்றவர் சாலையைக் காட்டினார். ரயில் நிலையத்தின் தூரத்தைச் சொன்னார். ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் கூறினாரில்லை.

2015 டிசம்பர் 2ஆம் நாட் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. யாம் அப்போது ஆரம்பப் பள்ளிச் சிறுவர். நள்ளிரவிற் கூடத்திற் புகுந்த நீர், விடியுமுன் எம் தந்தையாரின் மார்பளவு உயர்ந்தது. பாட்டனாரின் வேதப்புத்தகமும் மனையின் கிரயப் பத்திரமும் ஒருங்கே நனைந்தன. இரண்டையும் மாடியில் அருகருகே விரித்து உலர்த்தினோம்.

பலரும் பழியைச் செம்பரம்பாக்கம் ஏரியின்மேற் சுமத்தினர். அங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது மெய்யே; ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலியன மூழ்கியதும் மெய்யே. ஆயின் அவ்வேரியின் மிகுநீர் அடையாற்றிற் கலப்பது திருநீர்மலைக்கு அருகில். எம் ஊரோ அதற்கும் மேலே உள்ளது. எமக்கு நேர்ந்ததை அந்த மதகைக் கொண்டு விளக்க இயலாது. ஆறு படுக்கும் இடம் சுருங்கிற்று என்பதே விளக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நீர் மீண்டும் வந்தது.

இப்பொழுது எம் தெருவிற்கு அப்பால் எஞ்சிய தாழ்நிலத்தில் மண் கொட்டி மேடாக்குகின்றனர். ஒருவர் மனை மூன்றடி உயர்ந்தால் அங்கு நிற்கவேண்டிய நீர் மறைந்து போவதில்லை. அயலார் வீட்டிற் புகுகின்றது. அவ்வயலாரும் மேடாக்கினால் அடுத்தவர் வீட்டிற் புகும். முடிவில், மேடாக்கப் பொருளற்ற ஏழையின் வீட்டில் ஊர்நீர் முழுதும் நிற்கும். இதனைத் தெருவார் கூடி முறையிட்டபோது, "நீங்கள் மட்டும் அங்கே குடியிருக்கலாமோ?" என்னும் வினாவே விடையாகக் கிடைத்தது.

நேர்மையான வினாதான். எம் விடை இது: எமக்குச் சொல்லப்படாதது புதியோர்க்குச் சொல்லப்பட வேண்டும். 2015இல் அவ்விடத்தில் நின்ற நீரின் உயரம் ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் எழுதப்படட்டும். எஞ்சிய தாழ்நிலம் ஏரிகளைப் போலவே பொதுவாக விடப்படட்டும்.

மணலின்மேல் வீடு கட்டிய மூடனின் உவமையை ஞாயிறு பள்ளியிற் கேட்டு வளர்ந்தோம். அவன் கண்முன் மணல் மணலாகவே கிடந்தது. இக்காலத்து மணலோ வரைபடமும் முத்திரையும் பெற்று, பாறையென்று விற்கப்படுகின்றது. வாங்கினவனை மூடன் என்னுமுன், விற்றவனையும் ஒப்பமிட்டவனையும் வினவுதல் முறையன்றோ?

நம் கல்லூரி நண்பர்களிற் பலர் நாளை மனை வாங்குவர். சிலர் அனுமதி வழங்கும் பதவியில் அமர்வர். இருசாராரும் கையெழுத்திடுமுன், கார்த்திகை மாதத்து அடைமழையில் ஒருமுறை அந்நிலத்தை நேரிற் சென்று காண்பாராக.